பாப்கேட் எடுக்கறதுக்கு முன்னாடி மண்ணைக் கையில எடுத்துப் பாருங்க

போன மாசம் தங்கச்சி மகன் போன் போட்டான். "மாமா, தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னாடி காடி நிறுத்தற எடம் போடற வேலை கெடச்சிருக்கு, ஒரு பாப்கேட் சேவாவுக்கு, வாடகைக்கு எடுக்கணும், எது எடுக்கலாம்?"னு கேட்டான். அவன் இப்பதான் சின்னச் சின்னதா கொந்திராக் எடுத்து செய்ய ஆரம்பிச்சிருக்கான், இது அவனுக்கு மூணாவது வேலை. நான் மிஷினைப் பத்தி ஒண்ணும் சொல்லல. "அங்க மண்ணு எப்படி இருக்கு, லோரி எந்தப் பக்கமா உள்ள வரும், என்ன சாமான் தூக்கணும், எவ்வளவு தூக்கணும்?" இதைத்தான் கேட்டேன். பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "நாளைக்கு போய் பாத்துட்டு சொல்றேன் மாமா"ன்னான். அவனுக்கு அப்ப சொன்னதையும் அடுத்த ரெண்டு நாள் உக்காந்து பேசினதையும் சேத்துத்தான் இங்க எழுதறேன், புதுசா இந்த வேலைக்கு வர்ற நம்ம பசங்க நெறைய பேர் இதே கேள்வியத்தான் கேக்கறாங்க.

முதல்ல பேரைச் சரி பண்ணிக்கலாம். நம்ம ஊர்ல சின்னதா வாளி வச்ச மிஷின் எது வந்தாலும் பாப்கேட்னுதான் சொல்லுவாங்க, ஆனா அது ஒரு கம்பெனியோட பேரு, மிஷினோட சொந்தப் பேரு ஸ்கிட் ஸ்டீர் லோடர். இதைக் கண்டுபிடிச்சது அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்து கெல்லர் அண்ணன் தம்பி ரெண்டு பேரு, 1957-ல. கட்டட வேலைக்காக ஒண்ணும் செய்யல, வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருத்தர் கொட்டாய்க்குள்ள தூணுக்கு நடுவுல பூந்து எருவை அள்றதுக்கு சின்ன மிஷின் வேணும்னு கேட்டாரு, அதுக்காக செஞ்சாங்க. பாப்கேட்ங்கற பேரு 1962-லதான் வந்துச்சு. நெருக்கமான எடத்துல நின்ன எடத்துலயே சுத்தி வேலை செய்யணும்ங்கறதுதான் அதோட பிறவிக் குணம், இன்னைக்கும் அதோட பலமும் அதுதான், பலவீனமும் அதுலேர்ந்துதான் வருது.

எப்படி சுத்துதுன்னு புரிஞ்சிக்கிட்டா பாதி விசயம் முடிஞ்சிரும். காடி மாதிரி முன் டயர் திரும்பாது. இடது பக்கத்து ரெண்டு டயரும் சேந்து ஒரு ஹைட்ராலிக் மோட்டார்ல ஓடும், வலது பக்கத்து ரெண்டும் இன்னொரு மோட்டார்ல ஓடும். ஒரு பக்கம் முன்னாடியும் ஒரு பக்கம் பின்னாடியும் ஓடினா மிஷின் நின்ன எடத்துலயே பம்பரம் மாதிரி சுத்தும், ஆனா டயரு உருண்டு திரும்பல, தரையைத் தேச்சுக்கிட்டு வழுக்கித்தான் திரும்புது. அதனால அது திரும்பற எடத்துல கல்லு பெயரும், புல்லு உரியும், இன்டர்லாக் கல்லு போட்ட தரையா இருந்தா மூலை ஒடையும். டயரும் சீக்கிரம் தேயும்.

இதே ஒடம்புக்கு டயருக்குப் பதிலா ரெண்டு பக்கமும் ரப்பர் செயின் போட்டா அது டிராக் லோடர், நம்ம ஆளுங்க செயின் பாப்கேட்னு சொல்றது. மூணாவது, சின்ன வீல் லோடர், அதாவது ஷவலோட குட்டி. அது இடுப்புல மடங்கித் திரும்பும், அதனால தரையைக் கிழிக்காது, வேகமாவும் ஓடும், டிரைவருக்கு நாலு பக்கமும் கண்ணு தெரியும், ஆனா திரும்பறதுக்கு எடம் கொஞ்சம் அதிகமா கேக்கும். அப்புறம் பேக்ஹோ இருக்கு, முன்னாடி வாளி பின்னாடி தோண்டற கை. ஏழு எட்டு டன் கனம், லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய் தோண்டணும் மண்ணும் அள்ளணும் ரோட்டுலயும் ஓட்டிக்கிட்டு போகணும்னா அது நல்ல மிஷின்தான், ஆனா வீட்டுச் சந்துக்குள்ள அது நுழையாது, இந்தக் கட்டுரையில அதைப் பத்தி இதுக்கு மேல பேசப் போறதில்ல.

இப்ப மண்ணுக்கு வர்றேன்.

நாங்க இருக்கறது மலேசியாவுல, பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம், தெலுக் இந்தான்லேர்ந்து பாகான் டத்தோ போற ரோட்டுல. ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் தென்னை. இங்க மண்ணு எப்படின்னு தெரியணும்னா தெலுக் இந்தான் சாய்ஞ்ச கோபுரத்தைப் போய் பாருங்க, 1885-ல கட்டினது, மேல தண்ணித் தொட்டியோட கனம், கீழ மெத்து மண்ணு, ஒரு பக்கமா சாய்ஞ்சுருச்சு. அந்த மண்ணு மேலதான் நாமளும் மிஷின் எறக்கறோம். பீடோர், தாப்பா பக்கம் மேட்டுல செம்மண்ணு, காய்ஞ்சா ரோடு மாதிரி கெட்டியா இருக்கும், மழை பேஞ்சா மேல மட்டும் சோப்பு மாதிரி வழுக்கும். இங்க கடலோரக் களிமண்ணு அப்படி இல்ல, மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஒரு அடிக்குக் கீழ ஈரம் அப்படியே நிக்கும். அதுதான் ஆளை ஏமாத்தற எடம்.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு கோயில் திருப்பணிக்கு மண்ணு நிரவற வேலை எனக்கு வந்துச்சு. மண்டபத்துக்குப் பின்னாடி எடம், மேல பாத்தா வெடிச்சுப் போயி கெட்டியா இருந்துச்சு. வாடகைக்குக் குடுக்கறவங்க டயர் மிஷின்தான் கையில இருக்கு போதும் போதும்னாங்க, நானும் மண்ணைத் தோண்டிப் பாக்காம சரின்னுட்டேன். காலையில பத்து மணி வரைக்கும் நல்லா ஓடுச்சு. போன எடத்துலயே திரும்பத் திரும்பப் போனதுல மேல் தோல் ஒடைஞ்சுருச்சு, அப்புறம் கீழ இருந்த ஈரக் களி பிதுங்கி மேல வந்துச்சு, பதினோரு மணிக்கு பின் டயர் ரெண்டும் பாதிக்கு மேல உள்ள. ஆப்பரேட்டர் வெளிய வர்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆட்ட ஆட்ட வயிறு தரையில தட்டி உக்காந்துருச்சு. பக்கத்துத் தோட்டத்துல லோங்காங் தோண்டிக்கிட்டு இருந்த ஜெங்காவுட்டை, அதான் மண்ணு தோண்டற பெரிய மிஷினை, கெஞ்சிக் கூட்டிட்டு வந்து இழுத்து வெளிய எடுக்கும்போது சாயங்காலம் நாலு மணி. அன்னைக்கு மிஷின் கூலி, ஜெங்காவுட் கூலி, மூணு ஆளு சம்பளம், எல்லாம் போச்சு, அதோட கோயில் பின்னாடி ரெண்டு அடி ஆழத்துக்குக் குழி. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சு வச்சிருக்காங்க, பெரியவங்க வந்து வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போறாங்க. அவங்க திட்டியிருந்தாக்கூட மனசுக்குத் தேவலைன்னு இருந்துச்சு.

அதனால இப்ப நான் எந்த வேலைக்குப் போனாலும் முதல்ல சங்குல, அதாவது மண்வெட்டியில, ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டுவேன். அங்கேர்ந்து ஒரு பிடி மண்ணு எடுத்து உள்ளங்கையில வச்சு இறுக்கிப் பிடிங்க. உதிர்ந்துச்சுன்னா மணல் கலந்தது, டயர் மிஷின் ஓடும். உருண்டையா நின்னு, கட்டை விரலால அழுத்தினா நாடா மாதிரி நீட்டுக்கு வந்து பளபளன்னு மினுங்குச்சுன்னா அது ஈரக் களி, டயரை மறந்துருங்க. அப்புறம் அந்தக் குழியிலயே குதிகாலை வச்சு முழுக் கனத்தையும் குடுத்து நில்லுங்க. குதிகால் அமுங்கி நின்னுச்சுன்னா அங்க டயர் மிஷின் ரெண்டு தடவ போகும், மூணாவது தடவ மாட்டும்.

ஏன்னு கணக்கு பாருங்க. டயர் மிஷின் மூணு டன் கனத்தையும் நாலு சின்ன எடத்துலதான் தரையில குடுக்குது, ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு, அதுக்கு மேலயும் வரும். செயின் மிஷின்ல அதே கனம் நீட்டுக்குப் பரவிடுது, 4-லேர்ந்து 6 பவுண்டுதான், ஏறக்குறைய நாம நடக்கும்போது ஒத்தக் கால் தரையை அழுத்தற அளவு. அதனாலதான் நாம நடந்து போற எடத்துல செயின் மிஷின் போகும், டயரு போகாது.

அப்படின்னா எல்லாத்துக்கும் செயினே எடுத்துடலாமேன்னு தோணும். வேணாம். அந்த ரப்பர் செயின் வெல அதிகம், ஒரு ஜோடி சாதாரணமா 1,200-லேர்ந்து 1,600 மணி நேரம்தான் உழைக்கும், கான்கிரீட் மேலயும் தாரு ரோட்டுலயும் ஓட்டினா அதுவும் நிக்காது. கீழ உருளை, பல்லு சக்கரம், எல்லாமே தேய்மானச் சாமான். சாயங்காலம் செயினுக்குள்ள அடைஞ்ச களியை சங்கு வச்சு தட்டி எடுக்கணும், விட்டா ராத்திரி காய்ஞ்சு கல்லாகி காலையில உருளை சுத்தாது. வாடகைக்குக் குடுக்கறவங்க செயினுக்கு கூட காசு கேக்கறது இதனாலதான். கடைவீட்டு வரிசைக்குப் பின்னாடி சிமெண்டு தரையில குப்பை அள்றதுக்கு டயர்தான் சரி, அதுலயும் ஆணி கம்பி கெடக்கற எடம்னா காத்து டயர் வேணாம், கெட்டி டயரோ ஃபோம் அடைச்ச டயரோ கேளுங்க. ஏற்கனவே கல்லு பதிச்சு முடிச்ச எடத்துல வேலைன்னா, நான் சொன்ன அந்தக் குட்டி ஷவல்.

அடுத்தது கனம். இங்கதான் புதுப் பசங்க அதிகமா தப்பு கணக்கு போடறாங்க.

மிஷின் காயிதத்துல வேலைத் தூக்குத்திறன்னு ஒரு நம்பர் இருக்கும், ஆர்ஓசின்னு சொல்லுவாங்க. அது மிஷினால எவ்வளவு தூக்க முடியும்ங்கற நம்பர் இல்ல, எவ்வளவு தூக்கினா பத்திரம்ங்கற நம்பர். எவ்வளவு கனம் வச்சா மிஷின் முன்னாடி குப்புற சாயுதுன்னு பாத்து, டயர் மிஷினுக்கு அதுல பாதியும் செயின் மிஷினுக்கு 35 சதவீதமும் எடுத்துப் போடுவாங்க. அதாவது 2,000 கிலோவுல சாயற மிஷின் ரெண்டு இருந்தா டயருக்கு 1,000 கிலோன்னு எழுதியிருக்கும், செயினுக்கு 700 கிலோன்னு எழுதியிருக்கும். இதைத் தெரியாம செயின் மிஷின் பலம் கம்மின்னு நெனச்சுக்கிறாங்க. சில புரோஷர்ல செயினுக்கும் 50 சதவீத நம்பரையே பெருசா போட்டிருப்பாங்க, அதனால ரெண்டு மிஷினை ஒப்பிடும்போது எத்தன சதவீதத்துல போட்ட நம்பர்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

இப்ப நம்ம சாமானுக்கு வாங்க. சிமெண்டு மூட்டை 50 கிலோ. ஒரு பேலட்டுல 40 மூட்டை அடுக்கியிருந்தா 2 டன். 700 கிலோ மிஷின் வச்சு அதைத் தூக்கணும்னா பதினாலு மூட்டை, அதுக்கு மேல வேணாம், ஃபோர்க் போட்டா கனம் இன்னும் முன்னாடி தள்ளிப் போகும்ங்கறதால அந்தப் பதினாலுமே அதிகம், பத்து பன்னெண்டோட நிறுத்திக்குங்க. செங்கல் ஒண்ணு ரெண்டரை கிலோன்னு வச்சாலும் ஐநூறு கல்லு ஒண்ணேகால் டன். லோரியிலேர்ந்து பேலட்டோட எறக்கிடலாம்னு நம்பி சின்ன மிஷின் எடுத்தா கடைசியில ஆளு வச்சு கையாலதான் எறக்கணும்.

மணல்ல இன்னொரு சூட்சுமம் இருக்கு. வாளி 0.4 கன மீட்டர்னு வச்சுக்கலாம். காய்ஞ்ச மணல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.6 டன், வாளிக்கு 640 கிலோ, 700 கிலோ மிஷினுக்கு சரி. அதே மணல் ராத்திரி மழையில நனைஞ்சா 1.9 டன்னுக்குப் போயிடும், அதே வாளிக்கு 760 கிலோ. நேத்து நல்லா ஓடுன மிஷின் இன்னைக்கு பின்பக்கம் லேசா தூக்குதேன்னு ஆப்பரேட்டர் சொன்னா மிஷின்ல கோளாறு இல்ல, மணல்ல தண்ணி. பெரிய வாளி மாட்டினா வேலை சீக்கிரம் முடியும்னு நெனைக்காதீங்க, சாமானோட கனத்தைப் பாத்துதான் வாளி. மரத்தூளு, செம்பனைக் கழிவு மாதிரி லேசான சாமானுக்கு பெரிய வாளி, கல்லுக்கும் ஈர மண்ணுக்கும் சின்ன வாளி.

தூக்கற உயரம். வாளியை மேல தூக்கற கை ரெண்டு விதமா வருது. ஒண்ணு வளைவா போகும், நடு உயரத்துல கை நல்லா முன்னாடி நீளும், தோண்டவும் நிரவவும் மேட்டுல மண்ணு தள்ளவும் அதுதான் நல்லது. இன்னொண்ணு நேரா மேல போற மாதிரி கட்டியிருப்பாங்க, லோரி ஏத்தறதுக்கு அது. முக்கியமா பாக்க வேண்டியது வாளியைக் கவுத்த பிறகு அதோட உதடு தரையிலேர்ந்து எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கறது, பல மிஷின்ல 2.2-லேர்ந்து 2.4 மீட்டர்தான் இருக்கும். காயிதத்துல மேல போட்டிருக்கற பெரிய நம்பர் வாளி மாட்டற பின்னோட உயரம், அதைப் பாத்து ஏமாந்துராதீங்க. டேப் எடுத்துட்டுப் போய் உங்களுக்கு வர்ற லோரியோட பக்கப் பலகை உயரத்தை அளந்துட்டு வாங்க, அஞ்சு நிமிச வேலை. அளக்கும்போதே சைட்டு கேட்டு அகலத்தையும் அளந்துருங்க, மிஷின் அகலத்தை இல்ல, வாளி அகலத்தை வச்சு பாருங்க, வாளிதான் ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். தாமான் வீட்டுச் சந்துக்குள்ள போகணும்னா ஒரு மீட்டருக்குள்ள அகலம் இருக்கற குட்டி மிஷின்கூட இருக்கு, தூக்கறது 350 கிலோ அளவுதான்.

முன்னாடி மாட்டற சாமான் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். வேலிக்குக் குழி போடற ஆகர், கான்கிரீட் ஒடைக்கற பிரேக்கர், ரோடு கூட்டற பிரஷ், எல்லாம் இதுல மாட்டலாம், மாட்டற முகத்துக்கு ஐஎஸ்ஓ 24410-னு ஒரு அளவு இருக்கறதால ஒரு கம்பெனி சாமான் இன்னொரு கம்பெனி மிஷின்ல பெரும்பாலும் ஏறிடும். ஏறினா மட்டும் பத்தாது, எண்ணெய் ஓட்டம் பத்தணும். சாதாரண மிஷின் நிமிசத்துக்கு 60-லேர்ந்து 80 லிட்டர் ஹைட்ராலிக் எண்ணெய் தள்ளும், ரோடு சுரண்டற மாதிரி கனமான சாமானுக்கு 100-க்கு மேல வேணும். வாடகைக்கு எடுக்கும்போதே இன்ன சாமான் மாட்டப் போறேன்னு சொல்லிடுங்க.

டீசல் யாரு போடறதுன்னு முதல்லயே பேசிடுங்க. 2024 ஜூன் 10-ம் தேதி தீபகற்பத்துல டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசுலேர்ந்து ஒரே ராத்திரியில 3 வெள்ளி 35 காசுக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. இந்த அளவு மிஷின் வேலை கனத்தைப் பொறுத்து மணிக்கு 6-லேர்ந்து 10 லிட்டர் குடிக்கும், எட்டு மணி நேரத்துக்கு 80 லிட்டர் வரைக்கும் போகும். அதோட மிஷினைக் கொண்டு வந்து எறக்கி திருப்பி ஏத்திட்டுப் போற லோரிக் கூலியும் தனி, ஒரு நாள் வேலைன்னா அந்தக் கூலியே மிஷின் வாடகை அளவுக்கு வந்து நிக்கும், அதனால சாமானெல்லாம் சைட்டுல வந்து சேந்த பிறகு மிஷினைக் கூப்பிடுங்க.

சொந்தமா வாங்கணும்னு ஆசை இருந்தா, ஜப்பான்லேர்ந்து வர்ற ரீகொண்ட் மிஷின்தான், அதாவது அங்க ஓடினதைச் சரி பண்ணி விக்கறதுதான், நம்ம பட்ஜெட்டுக்கு வரும், டொயோட்டாவோட எஸ்டிகே வரிசை பாத்திருப்பீங்க. மீட்டரை நம்பறதை விட கை மூட்டு பின்னுல கடப்பாரை வச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா நெறைய உழைச்ச மிஷின். ஆனா மாசத்துல பத்து பன்னெண்டு நாளுக்கு வேலை உறுதியா இல்லாத வரைக்கும் வாங்காதீங்க, அது என் அபிப்பிராயம்.

ஆப்பரேட்டர் விசயத்துல நான் யாருக்கும் விட்டுக் குடுக்கறதில்ல. சைட்டுல நிக்கற ஒவ்வொருத்தருக்கும் சிஐடிபி, அதாவது கட்டுமானத் தொழில் வாரியத்தோட பச்சை அட்டை இருக்கணும், 1994-ம் வருசத்து 520-வது சட்டம் அது. அட்டை இருக்கறவனுக்கெல்லாம் மிஷின் தெரியும்னு அர்த்தமில்ல, அதனால ஏறி உக்காந்ததும் என்ன செய்யறான்னு நான் பாப்பேன். நல்ல ஆளு முதல்ல இடுப்புப் பட்டை போடுவான், மடி மேல கம்பியை எறக்குவான், வாளியைத் தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துல வச்சுக்கிட்டுத்தான் நகர்வான். வாளியை மேல தூக்கி வச்சுக்கிட்டே ஓட்டறவன் இருந்தா மிஷினை நிறுத்தச் சொல்லிடுங்க. மேடு ஏறும்போது கனம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் மேட்டைப் பாத்து இருக்கணும், வாளியில மண்ணு இருந்தா முன்னாடி ஏறணும், வாளி காலியா இருந்தா பின்பக்கம்தான் கனம், அப்ப ரிவர்ஸ்ல ஏறணும், மாத்தி ஏறினா கவுந்துரும். இந்த மிஷினுக்குள்ள ஏறி எறங்கற வழியே அந்தத் தூக்கற கைக்கு முன்னாடிதான், அதனால தூக்கி நிக்கற வாளிக்குக் கீழ தாங்குகட்டை போடாம யாரும் தலையை நீட்டக் கூடாது. டிரைவருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாது, கோயில் வேலைன்னா பிள்ளைங்க ஓடி வரும், கயிறு கட்டிடுங்க, ஒரு ஆளை நிறுத்துங்க.

தங்கச்சி மகன் மறுநாள் போய் பாத்துட்டு வந்தான். எடம் 30 மீட்டருக்கு 20 மீட்டர். ஒரு அடிக்குக் கீழ மண்ணு நாடா மாதிரி வந்துச்சு மாமான்னு போட்டோ அனுப்பினான், கட்டை விரல் ரேகை அப்படியே மண்ணுல பதிஞ்சு மினுங்குது. செயின்தான்னு அங்கயே முடிவாச்சு. மேல் மண்ணை சுரண்டிட்டு, களியும் கல்லும் கலக்காம இருக்க துணி விரிச்சு, 20 சென்டிமீட்டர் க்ரஷர் ரன், அதாவது தூளோட கலந்த ஒடைச்ச கல்லு போடணும், அமுக்கின கணக்குல 120 கன மீட்டர், லோரியில வர்றப்ப 150-ன்னு வச்சுக்கிட்டோம். 0.4 வாளிக்கு 375 தடவை, ஒரு தடவைக்கு ஒண்ணரை நிமிசம் போட்டா ஒன்பதரை மணி நேரம், லோரிக்குக் காத்திருக்கறது, பசியாறப் போறதெல்லாம் சேத்து ரெண்டு நாள். மண்ணு சுரண்டி லோரி ஏத்தறதுக்கு ஒரு நாள். க்ரஷர் ரன்னை லோரியே உள்ள வந்து கொட்டினா துணியும் களியும் நாசமாகும், அதனால ரோட்டு ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு, கொட்டின கல்லு மேலயே மிஷின் நின்னு முன்னாடி முன்னாடி தள்ளிக்கிட்டு போகணும்னு சொன்னேன். களியில செயினைக்கூட எறக்காம கல்லு போடற வேலையை முடிக்கற வழி அது. மூணு நாளைக்கு எடுத்தான், ரெண்டாவது நாள் மத்தியானம் நல்ல மழை, சாயங்காலம் போன் போட்டு "மிஷின் கல்லு மேல நிக்குது மாமா, செயினைத் தட்டிக்கிட்டு இருக்கோம்"னான்.